ஹார்லனின் கழுத்துக்கு ஏற்ற உயரம்

பிளெயர் கிரீக்கில் துப்பாக்கி விஷயமாக நெல்டா ராஸ்கோவிடம் வாயைக் கொடுத்து ஜெயித்தவன் இன்னும் பிறக்கவில்லை. டெக்சாஸில் எங்கள் பக்கம் ஆளுக்கொரு துப்பாக்கி, ஆளுக்கு இரண்டு அபிப்பிராயம். அத்தனை அபிப்பிராயமும் என்றைக்காவது ஒருநாள் தீவனக் கடையின் கடைசியில் இருக்கிற துப்பாக்கிக் கவுண்டருக்கு வந்துதான் ஆகவேண்டும். அங்கே ஐம்பத்தெட்டு வயது நெல்டா, சட்டைப் பையில் பேனாவுக்குப் பதிலாக ஸ்க்ரூடிரைவரைச் செருகிக்கொண்டு, கோலா பாட்டிலுக்குள் உப்புக்கடலையைப் போட்டு உறிஞ்சியபடி நின்றிருப்பாள்.

கோழித் தீவன மூட்டை தூக்கத்தான் முதலில் அந்தக் கடைக்கு வந்தாள். அப்போது கவுண்டரில் இருந்த ஆள் ஒருநாள் துப்பாக்கி மேல் ஸ்கோப், அதாவது குறி பார்க்கிற தொலைநோக்கி, மாட்டும்போது திருகை முறுக்கி முறுக்கி உடைத்துவிட்டு, சாமான் மட்டம் என்று வாங்க வந்தவரிடம் சாதித்துக்கொண்டிருந்தார். நெல்டா தோளிலிருந்த மூட்டையை இறக்கி வைத்தாள். "எவ்வளவு முறுக்கணும்னு பெட்டியில இருக்கிற தாள்லயே போட்டிருக்கே, அதைப் படிச்சா என்ன கொறஞ்சா போயிடும்?" என்றாள். கடை முதலாளிக்கு அது காதில் விழுந்தது. அடுத்த வாரம் முறுக்கு அளக்கிற சாவி அவள் கைக்கு வந்தது. இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது, சாவி இன்னும் அவளிடம்தான். ஜல்லி லாரி ஓட்டுகிற அவள் கணவன் கேலன், "ஊருக்கே குறி பார்த்துக் கொடுக்கிறா, என் சாக்ஸ் எங்கேன்னா மட்டும் முழிக்கிறா" என்று சொல்லாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

ஒரு விஷயத்தில் மட்டும் நெல்டாவும் ஊரும் ஒரே கட்சி. ஸ்கோப் தாழ்வாக, குழாயோடு குழாயாக ஒட்டி உட்கார வேண்டும். மான் துப்பாக்கிக்கு அப்படித்தான் மாட்டுவது வழக்கம். ஸ்கோப்பைப் பிடித்து நிறுத்துகிற வளையம் எவ்வளவு குட்டையோ அவ்வளவு மரியாதை. உயரமாக மாட்டிக்கொண்டு வருகிறவனுக்குப் 'புகைபோக்கிக்காரன்' என்று பெயர். டல்லாஸிலிருந்து விடுமுறைக்கு வந்து வேலியில் பேன்ட்டைக் கிழித்துக்கொள்கிற ஆசாமி என்று அர்த்தம். அந்தப் பெயரை வைத்த புண்ணியவதியே நெல்டாதான்.

மே மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, ஹார்லன் டிட்வெல் கடைக்குள் வந்தான். நெல்டாவோடு ஒரே வகுப்பில் படித்தவன், கடலை விவசாயி. இரண்டு வருஷத்துக்கு முன் மான் வேட்டைக்குக் கட்டிய பரணின் ஏணியிலிருந்து விழுந்து கழுத்தெலும்பு நொறுங்கிப்போய், தகடு வைத்துத் திருகி முடுக்கியிருக்கிறார்கள். உயிர் பிழைத்ததே பெரிது. ஆனால் கழுத்து குனியாது, திரும்பாது. பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கவேண்டுமானால் கதவு திரும்புகிற மாதிரி உடம்பு மொத்தமும் திரும்பவேண்டும். வண்டியை மனைவி ஓலீட்டாதான் ஓட்டி வந்தாள். அவன் கொண்டுவந்த துப்பாக்கி உறையைக் கவுண்டரில் போட்டான்.

"இது துப்பாக்கி இல்ல நெல்டா, சனியன். நீயே வெச்சுக்க."

மார்ச்சில் அவளிடமே வாங்கியதுதான். ஒவ்வொரு தடவை விசையை அழுத்தும்போதும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் அரைத் தானியங்கி. காட்டுப்பன்றிக் கூட்டத்துக்கு இந்த ஊரில் எல்லோரும் அதைத்தான் நம்புகிறார்கள். ஸ்கோப் வேண்டாம், அப்பாவுடையது வீட்டில் இருக்கிறது, நானே மாட்டிக்கொள்வேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். நெல்டாவும் சரி என்று விட்டுவிட்டாள். ரோஷக்காரனிடம் கழுத்தைப் பற்றிக் கேட்க அன்றைக்கு அவளுக்கு மனசு வரவில்லை.

அவள் உறையைத் திறந்து, குழாயைச் சுவர்ப்பக்கம் திருப்பி, தோட்டா இல்லை என்று விரலை விட்டுத் தடவிப் பார்த்துக்கொண்டாள். அப்புறம்தான் ஸ்கோப்பைப் பார்த்தாள்.

"அடப்பாவி மனுஷா!"

மான் துப்பாக்கியின் குட்டை வளையங்கள் இரண்டு. பின் வளையம் துப்பாக்கியின் உடம்பில் இருந்தது. கண்ணுக்குச் சரியான தூரம் வரவில்லை என்று முன் வளையத்தைத் தள்ளிக்கொண்டே போய், இடது கையால் பிடிக்கிற முன்பிடியில் மாட்டியிருந்தான்.

"ஒரு காலைத் தரையிலயும் ஒரு காலைப் படகுலயும் வெச்சு நிப்பியா ஹார்லன்? முன்பிடி வேற துண்டு. நீ இறுக்கிப் பிடிச்சா அது அசையும். அதோட சேர்ந்து ஸ்கோப்பும் நெளியும். துப்பாக்கியைத் திட்டுறியே, அது என்னய்யா பாவம் பண்ணிச்சு?"

தீவன மூட்டைகளுக்குப் பக்கத்தில் காலைக் காபிக்கென்று தினமும் கூடுகிற கூட்டம் சிரித்தது. ஹார்லன் சிரிக்கவில்லை. ஓலீட்டா கவுண்டரின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டாள்.

"வெளையாட்டு இல்ல நெல்டா. விதைச்ச கடலையைப் பன்னிக் கூட்டம் வரிசை வரிசையா மூக்கை வெச்சு உழுது தின்னுட்டுப் போயிடுச்சு, மூணு நாள்ல ஒன்பது ஏக்கர். இவரு ஒண்ணைக்கூட அடிக்கல. என் தம்பி வெண்டெல் திங்கக்கிழமை எட்டு மணிக்குக் குத்தகைப் பத்திரம் எடுத்துட்டு வர்றான். நெலம் பூராவும் அவன்கிட்டப் போயிடும். இவரு கையெழுத்துப் போடறேன்னு ஒத்துக்கிட்டாரு."

"காவல் காக்கத் தெரியாதவனுக்கு நெலம் எதுக்கு?" என்றான் ஹார்லன், எதிர்ச் சுவரைப் பார்த்தபடி.

நெல்டாவுக்குத் துக்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. ஹார்லன் பதினாறு வயதிலிருந்து அந்த மண்ணை உழுகிறவன். அவளிடம் வந்து நிற்கிற நோய்க்கெல்லாம் மருந்து இருக்கிறதோ இல்லையோ, இது அவளுடைய கவுண்டருக்கு வந்த நோய். குட்டை வளையங்களைக் கழற்றித் தட்டில் போட்டாள்.

"கண்ணை மூடு. தோள்ல வை, உனக்கு எப்படி வசதியோ அப்படி. இப்பத் தொற."

திறந்தான். அவன் கண் இருந்த இடம் ஒன்று, ஸ்கோப் வரக்கூடிய இடம் வேறொன்று. இந்த வகைத் துப்பாக்கியில் சுருள்வில், தோளில் முட்டுக்கொடுக்கிற கட்டைக்குள்ளேயே இருப்பதால் கட்டை குழாய்க்கு நேராகப் பின்னால் போகும், மான் துப்பாக்கியின் கட்டை மாதிரி கீழே சரியாது. அதனால் நல்ல கழுத்துக்காரனுக்கே ஸ்கோப் சற்று உயரத்தில் வேண்டும். நெல்டா வழக்கமான உயரத்தில் ஒரு மவுண்டை, ஸ்கோப்பைத் தாங்குகிற பீடத்தை, வைத்துப் பார்த்தாள். ஹார்லன் பல்லைக் கடித்தான். நெற்றியில் வேர்வை பொடித்தது, கண் மட்டும் இறங்கவேயில்லை.

காபிக் கூட்டத்திலிருந்து டாய்ல் ஃபென்னர், ஊரில் எல்லாவற்றுக்கும் யோசனை சொல்கிறவன், குரல் கொடுத்தான். "தாடையை இறக்குப்பா!"

"எறங்கினா எறக்க மாட்டேனாடா டாய்ல்?"

நெல்டா ஸ்கேலை எடுத்து, துப்பாக்கியின் மேற்பட்டையிலிருந்து அவன் கண்மணி வரைக்கும் அளந்தாள். இரண்டு தடவை அளந்தாள். அப்புறம் குனிந்து கீழ் இழுப்பறையைக் குடைந்தாள். யாரோ வரவழைக்கச் சொல்லிவிட்டு வாங்காமலே போன மவுண்ட் ஒன்று மூன்று வருஷமாகத் தூசியில் கிடந்தது. இரண்டு வளையமும் ஒரே துண்டாக வார்த்தது. அடி முழுக்கத் துப்பாக்கியின் உடம்பிலேயே உட்காரும், வளையம் மட்டும் முன்னால் நீட்டிக்கொண்டு போகும். உயரமோ, சாதாரண மவுண்டைவிட ஒன்றரை மடங்கு. அதை மேலே வைத்ததும் டாய்ல் காபியைத் துப்பாத குறையாகச் சிரித்தான்.

"புகைபோக்கி! நெல்டா கடையிலயே புகைபோக்கி!"

ஹார்லன் முகம் கறுத்துவிட்டது. "வேணாம் நெல்டா. நான் நொண்டிதான், கோமாளி இல்ல. அப்பா ஸ்கோப்புக்கும் குழாய்க்கும் நடுவுல ஒரு விரல்கூட போகாத மாதிரி மாட்டியிருப்பாரு. இதைத் தூக்கிக்கிட்டு ஊருக்குள்ள எப்படிப் போறது?"

நெல்டா ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள். காபிக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"அந்தப் பேரை வெச்சது நான். வாய்க்கொழுப்புல வெச்சேன். மானுக்குச் சரியா இருந்தா எல்லாத்துக்கும் சரியா இருக்கும்னு நெனச்சேன், தப்பு. எல்லாருக்கும் கேட்டுச்சா? டாய்ல், உனக்குத் தனியாச் சொல்லணுமா?" அப்புறம் ஹார்லனிடம் குரலை இறக்கினாள். "உங்க அப்பாவுக்குக் கழுத்து குனிஞ்சது. உனக்குக் குனியாது. குனியாத கழுத்துக்கு ஸ்கோப்பு ஏறி வரணும். அவ்வளவுதான்யா விஷயம்."

ஹார்லன் துப்பாக்கியை அவள் பக்கம் தள்ளினான். அவளுக்கு அது போதும்.

ஸ்கோப்புக்கு இன்னொரு சண்டை நடந்தது. அப்பாவுடையது பதினாறு மடங்கு பெரிதாக்கிக் காட்டுமாம். "பன்னி என்ன நிலாவுலயா மேயுது? ஐம்பது கஜத்துல ஓடுறதைப் பதினாறு மடங்குல பார்த்தா வெறும் மயிர்தான் தெரியும்" என்றாள். ஒன்றிலிருந்து ஆறு மடங்கு வரைக்கும் போகிற சின்ன ஸ்கோப்பை எடுத்தாள். ஒன்றில் வைத்தால் இரண்டு கண்ணையும் திறந்துகொண்டே குறி பார்க்கலாம், வயல் அகலமாகத் தெரியும். தலையைத் திருப்ப முடியாதவனுக்கு அதுதான் தேவை. கண் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் இருட்டிக்கொள்ளாத ரகம். மவுண்டைப் பட்டையின் பல்லில் முன்னோக்கித் தள்ளி அழுத்திப் பிடித்துக்கொண்டு முடுக்கினாள். சாவி க்ளிக் என்றதும் கையை எடுத்துவிட்டாள். அதற்கு மேல் ஒரு இழை முறுக்குவதும் அவள் அகராதியில் பாவம்.

கடைக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறது. ஹார்லனை நிமிர்ந்தபடி நாற்காலியில் உட்கார வைத்து, முக்காலித் தாங்கியில் துப்பாக்கியை ஏற்றினார்கள். அவன் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்ன, தெரியுதா இல்லையா?"

"தெரியுது" என்றான். "முழுசாத் தெரியுது நெல்டா." ஓலீட்டா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஐம்பது கஜத்துக்குக் குறியைச் சரிசெய்தார்கள். குறித் தாளில் விழுந்த கடைசி மூன்று ஓட்டையையும் ஒரு பிஸ்கட்டால் மூடிவிடலாம். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்க. ஸ்கோப்பு உசரத்துல இருக்கு, குழாய் கீழ இருக்கு. பன்னி ரொம்பக் கிட்ட வந்துச்சுன்னா குண்டு தாழ்ந்துதான் போகும். ரெண்டு விரக்கடை மேல பிடி" என்றாள் நெல்டா.

வெள்ளி விடியலில் பன்றி வரவில்லை. சனியும் வரவில்லை. ஞாயிறு தேவாலயத்தில் நெல்டா ஒரு பிரசங்கமும் கேட்கவில்லை. துப்பாக்கி விஷயத்தில் அவள் பயந்ததே கிடையாது. இப்போது பயந்தாள். தாளைச் சுடுவது வேறு, ஓடுகிற பன்றி வேறு. உட்கார்ந்த இடத்தில் தாளைச் சுட்டதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷனுக்கு ஆசையைக் காட்டிவிட்டோமோ என்று திரும்பத் திரும்ப நினைத்தாள். மாட்டிய சாமான் வேலை செய்வதைக் கண்ணால் பார்க்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. திங்கள் விடியலில் டிட்வெல் வயலுக்கே போய்விட்டாள்.

ஹார்லன் வைக்கோல் உருளைக்குப் பின்னால், முக்காலித் தாங்கியில் துப்பாக்கியை ஏற்றிவிட்டு, சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நெல்டாவும் ஓலீட்டாவும் முப்பது கஜம் பின்னால் வண்டிக்குள் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்திருந்தார்கள். கீழ்வானம் வெளுத்தது. ஓடைப் பக்கத்துப் புதரிலிருந்து ஒரு கிழட்டுப் பெண்பன்றி, அதன் பின்னால் ஆறேழு. வயலுக்குள் இறங்கிச் சாவகாசமாக மூக்கால் உழ ஆரம்பித்தன. கிழவி நேரே உருளையைப் பார்த்து வந்தது. நாற்பது கஜம். முப்பது.

"சுடுங்களேன்" என்று ஓலீட்டா வாய்க்குள்ளேயே சொன்னாள்.

இருபது கஜத்துக்கு வந்துவிட்டது. ரொம்பக் கிட்டம். மேல பிடி ஹார்லன், மேல பிடி என்று நெல்டா ஸ்டீயரிங்கைப் பிசைந்தாள்.

வெடித்தது. கிழவி நின்ற இடத்திலேயே உட்கார்ந்து சாய்ந்தது. மற்றவை சிதறி வலப்பக்கமாக ஓடின. ஹார்லனுக்குக் கழுத்து திரும்பாதே என்று நெல்டாவுக்குத் திக்கென்றது. அவன் கழுத்தைத் திருப்ப முயலவே இல்லை. துப்பாக்கியைத் தாங்கியிலிருந்து தூக்கி, காலால் மண்ணை உதைத்து, நாற்காலியோடு சேர்ந்து உடம்பையே திருப்பினான். தலை நிமிர்ந்தே இருந்தது. வெடித்தது, வெடித்தது, ஒன்று மண்ணில் போயிற்று, மறுபடி வெடித்தது. வேலி ஓரத்தில் இரண்டு உருண்டன. இன்னொன்று ஓடைக் கரை வரைக்கும் போய்ப் படுத்தது. மிச்சமிருந்தவை ஓடையைத் தாண்டி ஓடியே போய்விட்டன.

ஓலீட்டா வண்டியிலிருந்து இறங்கி ஓடினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியாது. நெல்டாவும் ஓடினாள். ஓடிப்போய் முதலில் மவுண்டைத்தான் அசைத்துப் பார்த்தாள். ஒரு இழை நகரவில்லை. அப்புறம்தான் ஹார்லன் தோளில் ஓங்கி ஒரு அறை வைத்தாள்.

எட்டு மணிக்கு வெண்டெல் வந்தான். கெட்டவன் இல்லை. அக்காவும் மச்சானும் கஷ்டப்படக்கூடாது என்கிற நினைப்பு அவனுக்கு நிஜமாகவே உண்டு. இஸ்திரி போட்ட சட்டையில், கையில் பழுப்பு உறையோடு வண்டியை விட்டு இறங்கியவன், வயலில் கிடந்ததைப் பார்த்துக் காலைத் தூக்கின இடத்திலேயே நின்றான்.

"யாரு மச்சான் அடிச்சது?"

ஹார்லன் நாற்காலியிலிருந்து எழுந்து, உடம்பை முழுதாகத் திருப்பி அவனைப் பார்த்தான்.

"வா மாப்ளே. அந்தக் காகிதத்தை வண்டியிலயே வெச்சுட்டுக் கயிறு இருந்தா எடுத்துட்டு வா. அடிக்கிறதை நான் அடிச்சுட்டேன். இழுக்கிறதுக்குத்தான் ஆள் பத்தல."

வெண்டெல் உறையைப் பார்த்தான், பன்றிகளைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். உறையை வண்டி சீட்டுக்கு அடியில் செருகிவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கயிற்றைத் தேட ஆரம்பித்தான்.