பாண்டுரங்கன் வீட்டுப் பாக்கெட் பரோட்டா

மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூரில் பஸ் இறங்கி எதிர் ஓட்டலில் பரோட்டா சாப்பிட்டவர்கள் பாண்டுரங்கனைப் பார்த்திருப்பார்கள். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாவை வீசிச் சுருட்டிக் கல்லில் போட்டு, வெந்ததை அடுக்கி இரண்டு கையாலும் ஓங்கித் தட்டுவாரே, அந்த மனிதர்தான். மகா கோபக்காரர். சால்னா போதவில்லை என்று யாராவது முணுமுணுத்தால் கரண்டியோடு திரும்பி முறைப்பார். ஆனாலும் கூட்டம் அவர் கைக்காகத்தான் வந்தது.

போன மாசியில் அவருக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. உயிர் பிழைத்ததே பெரிது என்றார்கள். காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கப் பழகிவிட்டார். கை மட்டும் விழுந்தது விழுந்ததுதான். அவருக்கோ ஒரே நினைப்பு, ஆடி கழிந்தால் கல்லுக்குப் போய்விடலாம் என்று. முடியாது என்பது மனைவி வடிவுக்குத் தெரியும். அதை அவர் முகத்தைப் பார்த்து யார் சொல்வது?

வடிவும் அதே ஓட்டலில்தான் வெங்காயம் நறுக்குகிறாள். கல்லில் இப்போது திருப்பத்தூர்க்காரன் கலையரசன் நிற்கிறான். பாண்டுரங்கன் வந்தால் போய்விடுகிறேன் என்று சொல்லித்தான் வந்தவன். அதனால் பெண்டாட்டி பிள்ளையை ஊரிலேயே விட்டுவிட்டு, ஓட்டல் மாடியில் பாயை விரித்துப் படுக்கிறான்.

அந்த ஓட்டலில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் கல்லிலிருந்து எடுக்கும் முதல் பரோட்டாவை விற்க மாட்டார்கள். மாஸ்டர் பிய்த்துத் தின்று பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் வியாபாரம். கலையரசன் அதைத் தின்பதில்லை. இலையில் மடித்து வடிவிடம் தினமும் கொடுத்தனுப்புவான்.

“அண்ணன் துன்னு பாக்கட்டும்க்கா. கல்லு அவருதுதானே.”

பாண்டுரங்கன் தொடமாட்டார். “எனக்கு இன்னாத்துக்கு? பிச்சை போட்றானா?” என்று மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார். வீணாக்க மனமில்லாமல் வடிவு அடுப்படியில் நின்று அவளே தின்றுவிடுவாள். பரோட்டா அருமையாக இருக்கும். அதை அவரிடம் சொல்ல மாட்டாள்.

ஆனால் அவருக்குப் பரோட்டா ஆசை இல்லாமலா போகும்? மாத்திரை வாங்கப் போளூர் போனவள், சூப்பர் மார்க்கெட்டில் உறையவைத்த பரோட்டா பாக்கெட் ஒன்றை எடுத்துவந்தாள். பஸ் மலை ஏறுவதற்குள் அது இளகி, ஒவ்வொன்றுக்கும் நடுவிலிருந்த பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிக்கொண்டது. உரித்தெடுத்துத் தோசைக்கல்லில் போட்டாள். அங்கங்கே கருகியதே தவிர ஒரு மடிப்பும் பிரியவில்லை. ஓரமெல்லாம் வறண்டு விறைத்தது.

பாண்டுரங்கன் இரண்டைத் தின்றார். “இதுக்கு இன்னா கொறச்சல்? கடைப் பரோட்டாவ விட இதான் மேல்” என்றார்.

கேட்டீர்களா அநியாயத்தை! மாவு சரியாக ஊறவில்லை என்று முழு மாவையும் மாட்டுக்கு வைத்த மனிதர் பேசுகிற பேச்சா இது? வடிவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் சாயங்காலம் மீதிப் பாக்கெட் பரோட்டாவைச் சுட்டுத் தட்டில் வைத்தாள். பக்கத்திலேயே கலையரசன் கொடுத்த இலையைப் பிரித்தாள்.

“ரெண்டையும் துன்னு பாத்துட்டுச் சொல்லுங்க. என்கிட்ட பொய் வேணாம்.”

அவர் பாக்கெட் பரோட்டாவை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். “அது ரப்பராட்டம்தான் கீது. எனக்குத் தெரியாதா? ஆனா அதை எந்த ஆளும் என் எடத்துல நின்னு போடல, வடிவு. அதான் தொண்டையில எறங்குது.”

வடிவுக்குக் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. பாவமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவினாள்.

சற்றுப் பொறுத்து அவர் இடது கையை இலைப் பக்கம் நீட்டினார். ஒற்றைக் கையால் பிய்க்க வரவில்லை. வடிவு ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள், அவர் இழுத்தார். மடிப்பு மடிப்பாகப் பிரிந்து வந்தது. மெதுவாக மென்று முழுப் பரோட்டாவையும் தின்று முடித்தார். கண்ணிலிருந்து கொட்டியதைத் துடைத்துக்கொள்ளவில்லை.

“நாளையிலேந்து இதை எடுத்துனு வராத.”

“ஏங்க, நல்லா இல்லியா?”

“நல்லா கீது. உப்பு, பதம் எல்லாம் சரியா கீது. மொதப் பரோட்டாவ கல்லுல நிக்கிற மாஸ்டர்தான் துன்னணும். அவனையே துன்னச் சொல்லு. பொண்டாட்டி புள்ளைய மலைக்குக் கூட்டினு வரச் சொல்லு.”