அம்பிட்டிய ஏற்றத்தில் பெற்றோல் மணம்

நாங்கள் அம்பிட்டியவில் வீடு எடுத்து இரண்டாம் வருடம், என் மனைவிக்குக் காருக்குள் பெற்றோல் மணக்கத் தொடங்கியது. அதற்கு முன் கண்டி டவுனுக்குள் நாங்கள் இருந்த வாடகை வீட்டைக் கலவரத்தில் எரித்திருந்தார்கள். அன்று நான் கந்தோர் வேலையாக வெளியூரில் இருந்தேன். அவள் பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் அறைக்குள் ஒளிந்திருந்து, எங்கள் வீட்டில் பெற்றோல் ஊற்றுவதைக் கண்ணால் காணாமல் மணத்தாலேயே அறிந்தவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்ததற்கெல்லாம் இதைத்தான் சாட்டாக வைத்திருந்தேன்.

வடக்கில் சண்டை பெருத்த காலம் அது. எந்த நேரமும் ஓட வேண்டி வரலாம் என்ற பயத்தில் சனிக்கிழமைதோறும் காரின் பெற்றோல் டாங்கியை முட்ட நிரப்புவேன். நிரப்பிக்கொண்டு ஏற்றத்தில் திரும்பும்போதுதான் அவள் சொல்லுவாள்.

"இஞ்சேருங்கோ, பெற்றோல் மணக்குது. உங்களுக்கு மணக்கேல்லையே?"

எனக்குப் பல வருடப் பீனிசம். மல்லிகைப்பூவே மணக்காது. அதை ஒப்புக்கொண்டிருக்கலாம். ஆனால் நான் பொறியியல் படித்தவன். இரவு காருக்கு அடியில் ஒரு காட்போட் மட்டையை விரித்து வைத்து, காலையில் அதைக் குசினிக்குக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"பாரும், ஒரு சொட்டும் இல்லை. உமக்குப் பழசு ஞாபகம் வருது. அவ்வளவுதான்."

அவள் மட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப எனக்குத்தான் ஏதோ பிழை" என்றாள்.

மழையிலும் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு வருவாள். தலையிடிக்கும் என்பாள். ஒருநாள் வளைவில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கிச் சத்தி எடுத்தாள். அதன் பிறகு டொக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் நல்ல மனிதர். கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டார்.

"வாகனத்தைச் சோதிச்சுப் பாத்தீங்களா?"

"நானே சோதிச்சனான். ஒண்டுமில்லை."

அதை நம்பித்தான் அவர் மனசு அமைதிக்கென்று குளிசை எழுதினார். ஒவ்வொரு நாளும் பின்னேரம் அந்தக் குளிசையையும் தண்ணீரையும் எடுத்துக் கொடுத்தது நான்.

இரண்டு மாதம் கழிந்திருக்கும். பிறேக் பார்க்கவென்று மடவளையில் எனக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் காரைக் கொண்டுபோனேன். ஐம்பது வயதிருக்கும் முஸ்லிம் மனிதர். உள்ளே ஏறி உட்கார்ந்தவர் உடனேயே இறங்கிவிட்டார்.

"சேர், உள்ளுக்கு நல்லாப் பெற்றோல் வாசம் ஈக்கிதே."

"கீழ ஒண்டும் சொட்டேல்லையே" என்றேன்.

"சொட்டுறதெண்டா கண்ணுக்குத் தெரியும். ஆவி சொட்டாது சேர்."

டிக்கிக்குள் பக்கவாட்டுப் பலகையைக் கழற்றினார். பெற்றோல் ஊற்றும் குழாயை ஒட்டி, டாங்கியின் காற்றுப் போக ஒரு மெல்லிய ரப்பர் குழாய் ஓடியது. அதன் மேல் சவர்க்கார நுரையைத் தடவினார். டாங்கியின் வாயை ரப்பரால் அடைத்து, அதற்குள் சைக்கிள் பம்பின் முனையைச் செருகி, மெதுவாக இரண்டு தரம் அமுக்கினார். குழாய் வளையும் இடத்தில் ஒரு குமிழ் எழும்பியது. பிறகு வரிசையாகக் குமிழ்கள். தலைமயிர் அளவு வெடிப்பு.

"டாங்கி நிறஞ்சு, வாகனம் மேல ஏறக்குள்ளதான் கூட வரும். வீட்டுல யாரும் தல இடிக்கிதெண்டு செல்லல்லயா?"

"இல்லை" என்றேன். "ஒருத்தரும் சொல்லேல்லை."

புதுக் குழாயை வெட்டிப் போட்டு, இரண்டு முனையிலும் கிளிப்பை இறுக்கி, மறுபடி நுரை தடவிப் பார்த்தார். குமிழ் இல்லை. அரைமணித்தியாலம்கூட ஆகவில்லை.

அன்றே அவளிடம் சொல்லத்தான் நினைத்தேன். வீட்டுக்குப் போனபோது அவள் குளிசை மயக்கத்தில் கதிரையில் தூங்கிக்கொண்டிருந்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். சனிக்கிழமை ஏற்றத்தில் அவளே கதையைத் தொடங்கினாள்.

"இண்டைக்கு மணக்கேல்லை. குளிசை வேலை செய்யுது போல."

"ஓம்" என்றேன்.

அந்த ஓமுக்குப் பிறகு சொல்வது ஒவ்வொரு நாளும் இன்னும் கடினமாகிப் போனது. அவள் பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புக்குக் கணக்குப் படிப்பித்தவள். ஒருநாள் கரும்பலகையில் பாதிக் கணக்கோடு நின்று, அடுத்த வரி என்னவென்று தெரியாமல் திணறியிருக்கிறாள். பிள்ளைகள் சிரித்தார்களாம். பெரிய வகுப்பை விட்டுக்கொடுத்துச் சின்ன வகுப்பைக் கேட்டு வாங்கினாள். எல்லாவற்றையும் என்னிடம் வந்து சொன்னாள். நான் தண்ணீரையும் குளிசையையும் நீட்டினேன்.

எட்டு மாதம் அப்படிப் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து தந்தாள்.

"இங்கிலீசு சரியோ எண்டு பாருங்கோ."

அதிபருக்கு எழுதிய ராஜினாமாக் கடிதம். உடல்நிலை காரணம் என்றிருந்தது. இரண்டாம் வரியைத் தாண்ட என்னால் முடியவில்லை. மடவளையில் நடந்ததை முழுக்கச் சொன்னேன். அந்த மெக்கானிக்கிடம் பொய் சொன்னதையும் சொன்னேன்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். "எப்ப திருத்தினது?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். விரல் விட்டு மாதங்களை எண்ணினாள்.

"எனக்கு ஒண்டுமில்லை எண்டு தெரிஞ்சுகொண்டுதான் குளிசை எடுத்துத் தந்தனீங்கள், என்ன?"

கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி இரண்டாகக் கிழித்தாள்.

டொக்டரிடம் அவள் தனியாகவே போனாள். அவர் குளிசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். அவள் என் காரில் ஏறவில்லை. மூன்று மாதம் பஸ்ஸில் நெரிபட்டுப் பள்ளிக்கூடம் போனாள். ஒரு விடியக்காலை பெரிய மழை. நான் கேட்காமலே வந்து முன் ஆசனத்தில் ஏறி, கண்ணாடியை மேலே ஏற்றினாள். அடுத்த வருடம் பெரிய வகுப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வந்தால் இந்தக் கதையை இப்போதும் அவள் சொல்லுவாள். "இவருக்கு மூக்கு வேலை செய்யாது. நான்தான் மணந்து பிடிச்சனான். உடனை கொண்டுபோய்த் திருத்திப்போட்டார்." எல்லோரும் சிரிப்பார்கள். அவள் சொல்லும் கதையில் அந்த எட்டு மாதம் இராது. நான் அதை எடுத்துச் சொன்னதில்லை. தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விடுவேன்.