மேலே குடிக்கலாம் என்றேன்

தொண்ணூறுகளில் இடம்பெயர்ந்து முல்லைத்தீவுக் காட்டோரம் கொட்டில் போட்டிருந்தோம். ஆவணியில் கிணறு வற்றியது. தேயிலை மலையில் பிறந்த நான், தூரத்தில் தெரிந்த பாறை மலையைப் பக்கத்துக் கொட்டில் கந்தையா அண்ணைக்குக் காட்டினேன்.

"மலைன்னா ஊத்து இருக்கும்ண்ணே."

"உது முழுக்கக் கல்லு தம்பி. மண் இல்லாட்டித் தண்ணி எங்க நிக்கும்? சரி, தனியப் போகாதை, நானும் வாறன்."

குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரை அவர் வழிக்கு ஒரு போத்தலில் ஊற்றப் போனார். "அது பிள்ளைங்களுக்கு இருக்கட்டும், நாம மேல குடிச்சுக்கலாம்" என்று தடுத்தேன். தண்ணீர் கொண்டுவர இரண்டு வெறும் பிளாஸ்டிக் கான்களோடு நடந்தோம்.

உச்சிப் பாறை தோசைக்கல்லாகச் சுட்டது. மாரி மழை தேங்கும் குழிகளில் காய்ந்த சேறுதான் இருந்தது. இறங்கும்போது அண்ணை சுருண்டு விழுந்தார். நான் அவரைத் தூக்கிக்கொண்டு காட்டைத் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது.

இப்போது கடைக்குப் போனாலும் என் சைக்கிளில் ஒரு போத்தல் தண்ணீர் தொங்கும். எனக்கல்ல, கூட வருபவருக்கு.