தென்காசிக்குக் கொண்டுபோன தப்ஸ்

காலை ஏழு மணிக்குத் திருநெல்வேலியில் தென்காசி பஸ் ஏறினேன். யுத்த காலம், பெட்ரோல் கிடையாது, கரி போட்டு ஓட்டும் வண்டி. கட்டணம் பன்னிரண்டணா. மாலை அஸர் தொழுகைக்குப் பின் தென்காசியில் என் தங்கை மகளுக்கு நிக்காஹ். "மாமா, தப்ஸ் கொண்டு வாங்க" என்று அவள் ஆசையாக எழுதியிருந்தாள். கல்யாணப் பாட்டுக்குக் கொட்டும் அந்த ஒற்றைத்தோல் வாத்தியம், ஓரமெல்லாம் பித்தளைத் தகடு வைத்தது, என் பையில் இருந்தது.

ஆலங்குளத்தில் தாடிக்காரப் பெரியவர் ஒருவர் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். பேச்சுக் கொடுத்தேன். மாலை நிக்காஹ் ஓதிவைக்கப் போகும் ஹஜ்ரத்தே அவர்தான். சந்தோஷப்பட்டு முடிவதற்குள் வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. பைக்குள் தகடுகள் கலகலவென்றன.

என்ன அது என்றார். சொன்னேன். எங்கள் தூத்துக்குடியில் இதை யாரும் குறை சொல்வதில்லை என்றும் சேர்த்துச் சொன்னேன்.

"அது உங்க ஊர்ல. இங்கன தகடு வச்சது ஆகாது. அந்தச் சத்தம் கேட்டா நான் கல்யாண வீட்டுப் படி ஏறமாட்டேன், பாத்துக்கிடுங்க."

அவர் அதட்டவில்லை, ஆனால் சொன்னதைச் செய்கிறவராகத் தெரிந்தது. ஏற்கெனவே ஒருமுறை நிச்சயமாகி நின்றுபோன பெண். இதுவும் நின்றால் தங்கை முகத்தில் எப்படி விழிப்பேன்?

பதினொன்றரைக்குத் தென்காசி. தங்கையிடம் மூச்சு விடவில்லை. குளித்துவிட்டு வருகிறேன் என்று பையோடு ஜட்கா பிடித்துக் குற்றாலம் போனேன். மூன்று மைல், நாலணா. சாரலில் நனைந்தபடி, அருவிக்குக் கீழே ஒரு பாறை மறைவில் பேனாக்கத்தியால் தகடுகளை நெம்பினேன். ஆணி அசையவில்லை. அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கப்போகிறது? ஆனாலும் ஒவ்வொரு கிணுங்கலுக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். சற்றுமுன் தங்கை வீட்டில் பார்த்த மாப்பிள்ளை வீட்டார் நாலு பேர் துண்டும் கையுமாக வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் கண்ணில் பட்டால் ஹஜ்ரத் காதுக்குப் போய்விடும். தப்ஸைத் தண்ணீரில் விட்டுவிட்டேன். சுழன்று போய் மறைந்தது.

அஸர் முடிந்து ஹஜ்ரத் வந்தார். நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தேன். அவரோ சபையிலேயே என்னைத் தேடிக் கூப்பிட்டார்.

"தப்ஸை எடுத்துட்டு வாங்க. நிக்காஹ்னா நாலு தெருவுக்குக் கேக்கணும். தகடைத்தான் வேண்டாம்னேன், கொட்ட வேண்டாம்னா சொன்னேன்? தகடைக் கழத்த ஆசாரியைக் கூட்டியாந்திருக்கேன், வெளியே நிக்காரு."

நடந்ததைச் சொன்னேன். அவர் எழுந்து போய் ஆசாரியைத் திருப்பி அனுப்பினார். பெண்கள் இருந்த பக்கம் சிரிப்பும் பேச்சும் அடங்கிப்போயின. மணப்பெண்ணும் கேட்டிருப்பாள்.

மறுநாள் காலை ஊர் திரும்பினேன். ஊருக்கு ஊர் சட்டம் வேறு என்று நடுங்கினேனே தவிர, எது ஆகும், எது ஆகாது என்று அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆலங்குளத்திலிருந்து தென்காசி வரை பதினைந்து மைல், பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தார்.