மாற்றுப் பாதைக்கான கட்டம்

என் அடுக்களைக்குப் பின்னால் ரயில் பாதை. சுவருக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே நாலு சேம்புச் செடி வைக்கும் இடம்தான் உண்டு. மற்ற வண்டிகள் பாத்திரங்களை அதிரவைத்துவிட்டுப் போய்விடும். பெட்ரோலும் டீசலும் ஏற்றிய எண்ணெய் வண்டி மட்டும் சிக்னலுக்காக என் சுவருக்கு நேராக நிற்கும், உருண்ட டாங்குகள் வெயிலில் வயிறு மின்ன. அது நின்றால் நான் அடுப்பை அணைத்துவிடுவேன். பாதி வெந்த அரிசி பாதியிலேயே காத்திருக்கும். யாரும் சொல்லித்தந்த வழக்கமில்லை.

எண்ணெயை இனி பூமிக்கடியில் குழாய் போட்டுக் கொண்டுவரப் போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது, எங்கள் தெருவில் ஆதரவு மனு சுற்றியது. முதல் கையெழுத்து என்னுடையது. வாழ்க்கையில் எதற்கும் அவ்வளவு வேகமாக நான் பேனா எடுத்ததில்லை.

பத்து நாள் கழித்து அக்கா போன் செய்தாள். கிழக்கேகோட்டையில் வாடகை வீடுகளிலேயே காலம் கழித்த அவளும் அத்தானும், வீடு கட்டவென்று நகரத்துக்கு வடக்கே ஏழு சென்ட் பறம்பு வாங்கிப் போட்டிருந்தார்கள். அதன் நடுவில் குழாய்க்காக மஞ்சள் கல் நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நிலம் உங்களுடையதுதான், எடுத்துக்கொள்ள மாட்டோம்; ஆனால் குழாய் போகும் பட்டையில் வீடு கட்டக் கூடாது, கிணறு தோண்டக் கூடாது, மாமரம் கூட வைக்கக் கூடாது என்று நோட்டீஸ். அந்தப் பட்டையைக் கழித்தால் மிச்சம், துணி காயப்போடும் அளவுக்கு இருக்கலாம்.

"எழுத்துக்காரன் நீதானே. ஆட்சேபணையை மலையாளத்துல எழுதிக் குடு. உன் கவிதை மாதிரி வேண்டாம், ஆளுக்கு வெளங்கணும் கேட்டியா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். அத்தான் சரக்கு வண்டியில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இதே எண்ணெய் வண்டிகளின் வாலில் உட்கார்ந்து என் சுவரைப் பலமுறை கடந்திருக்கிறார். மற்ற சரக்கு வண்டி என்றால் கடைசிப் பெட்டியில் சின்ன அடுப்பு மூட்டிச் சாயா போடுவாராம். எண்ணெய் என்றால் சட்டைப் பையில் தீப்பெட்டி கூட ஆகாது.

"நீ அந்தப் பக்கம் அடுப்ப அணைச்சே, நான் இந்தப் பக்கம் பச்சத்தண்ணி குடிச்சேன் மாப்ள. எண்ணெ ஜோராப் போச்சு."

பேனாவைத் திறக்குமுன் சொல்லிவிட்டேன். "அக்கா, நான் குழாய் வேணும்னு தெரு மனுவுல ஒப்புப் போட்டிருக்கேன்."

அவள் பயற்றங்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "தெரியும். உன் தெருக்காரன்மாரு வாட்ஸாப்புல போட்டிருந்தானுவ. மொதப் பேரே உன் பேருதான். பின்னே, எழுது."

எழுதினேன். வாடகை வீடுகள், மஞ்சள் கல், ஏழு சென்ட். ஆட்சேபணைப் படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம் இருந்தது: மாற்று வழி ஏதேனும் இருந்தால் குறிப்பிடவும்.

"அதுல ஒரு கோடு போட்டு விடு" என்றாள் அக்கா.

"வெறுமனே விட்டா மனுவே நிக்காது" என்றார் அத்தான். "ரயில்தான் இருக்குல்லா, அத எழுதச் சொல்லு."

"தம்பி அடுக்களைக்குப் பின்னால விடுங்கோன்னு நான் எழுதவா? எனக்கு வீடு வேணும். அதுக்காக இத எழுத மாட்டேன்."

எங்கள் ரயிலோரத்தில் குழாய்க்குக் கொடி பிடித்த கட்சியே, அவள் பறம்போரத்தில் ரயிலுக்குக் கொடி பிடித்தது. பார்த்தபோது சிரித்தேன். இப்போது இரண்டு கொடியும் என் கையில். எண்ணெய் யாரோ ஒருவருடைய சுவரையோ நிலத்தையோ தொட்டுத்தான் போகும். எனக்கும் ஸ்கூட்டர் ஓட வேண்டும்.

இப்போதுள்ள ரயில் வழியே தொடரலாம் என்று கட்டத்தில் எழுதினேன். சாட்சிக் கையெழுத்தும் போட்டேன்.

அக்கா வாங்கிப் படித்தாள். "கிறுக்கனாலே நீ? ரெண்டு மனுவுலயும் உன் பேரு இருந்தா ஆபீசர் சிரிக்க மாட்டானா?"

"சிரிக்கட்டும்."

"தெரு மனுவுல போட்ட ஒப்பத் திரும்ப வாங்கிராத. அதுவும் கெடக்கட்டும்" என்றாள். பிறகு மிச்சப் பயற்றங்காயை நறுக்கக் குனிந்தாள்.

விசாரணைக்கு இன்னும் கூப்பிடவில்லை. இன்று மதியம் வண்டி வந்து நின்றது, அடுப்பை அணைத்தேன். அதே நேரத்துக்கு அவள் போன்.

"சாப்பிட்டியா?"

"வண்டி நிக்குது."

மறுமுனையில் சத்தமே இல்லை. போனை வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன். வைக்கவில்லை. சிக்னல் விழுந்து கடைசிப் பெட்டி என் சுவரைத் தாண்டும்வரை கூடவே இருந்தாள்.

"போயாச்சா?"

"ஆச்சு."

"செரி. அடுப்பப் பத்த வை."