பூஜைக்குப் போன பேப்பர்வெயிட்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், சாலைக் கடைத்தெருவிலிருந்த ஒரு துணிக்கடைக்கு எம்பிராய்டரி டிசைன் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். புதுப் பூ வேண்டுமென்று கடைக்காரர் உயிரை வாங்கினார். பக்கத்துத் தெரு டீச்சர் வீட்டில் ஒரு பழைய கண்ணாடி பேப்பர்வெயிட் உண்டு. டீச்சருடைய அப்பா வைத்திருந்த வெளிநாட்டுச் சாமான். பார்த்து வரையக் கேட்டு வாங்கிவந்தேன்.

உள்ளங்கையளவுக் கண்ணாடிக்குள் ஒரு தோட்டமே இருந்தது. நிறக் கண்ணாடிக் கம்பிகளைக் கட்டாக உருக்கி இழுத்து, வெள்ளரிக்காய் அரிவதுபோல் வில்லை வில்லையாக நறுக்குவார்களாம். ஒவ்வொரு வில்லையும் ஒரு பூ. அவற்றை அடுக்கி, மேலே தெளிந்த கண்ணாடியை உருக்கி மூடிவிடுவார்கள். சூடு பட்டால் விரிசல் விட்டுவிடும் என்று டீச்சர் எங்கள் வாசலில் நின்று ஒருமுறைக்கு இருமுறை சொல்லிவிட்டு, மகள் வீட்டுக்கு ரயிலேறினார். விஜயதசமியன்று திரும்பி வருவார்.

அஷ்டமி சாயங்காலம் நான் குளித்துவிட்டு வருவதற்குள் மாமியார் பூஜை வைத்தாகிவிட்டது. புத்தகங்கள், என் பென்சில்கள், கத்தரி. கூடவே என் காகிதங்களின் மேலிருந்த பேப்பர்வெயிட்டும் சந்தனப் பொட்டோடு குத்துவிளக்கை ஒட்டி உட்கார்ந்திருந்தது. தொழில் செய்கிற சாமான் என்று சேர்த்துவிட்டார். பூஜைக்கு வைத்ததை விஜயதசமி காலைவரை யாரும் தொடக்கூடாது. அந்த வீட்டில் அதற்கு அப்பீல் கிடையாது.

வந்து ஒரு வருஷம்கூட ஆகாத மருமகள் நான், எப்படி வாயைத் திறப்பேன்? மறுநாள் முழுக்க விளக்கின் முன்னாலேயே உட்கார்ந்து, திரியைத் தாழ்த்திக்கொண்டே இருந்தேன். எண்ணெய் பொரிகிற சத்தம் கேட்டாலே தூக்கிவாரிப் போட்டது. வந்தவர்கள் என் பக்தியை மெச்சினார்கள். மாமியாரோ அன்று கூடத்தைவிட்டு நகரவே இல்லை.

சாயங்காலம் தாங்கமுடியாமல் சொல்லிவிட்டேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

மாமியார் எழுந்து, விளக்கை இரண்டு கையாலும் தூக்கி மறுகோடியில் வைத்தார். இருவரும் குனிந்து பார்த்தோம். விரிசல் இல்லை.

"வெச்சப்பறமாக்கும் டீச்சர் சொன்னது ஞாபகம் வந்தது," என்றார் மெதுவாக. "தொடப்படாதுன்னு சொன்ன நானே எப்படி நகத்தறது? நீ ஒரு வார்த்தை கேக்கமாட்டியான்னு நேத்திக்குலேர்ந்து உன் மொகத்தையே பாத்துண்டிருக்கேன்."