படிக்காமல் விட்ட பின்பக்கம்

அறுபதுகளில் என் கொழுந்தன் வேலைப் பயிற்சிக்காக மனைவி கமலாவுடன் ஸ்வீடன் போயிருந்தார். ஒரு மார்கழியில், உறையூரில் இருந்த எனக்குக் கமலா கடிதம் எழுதினாள். லாப்லாந்துப் பக்கம் ஒரு பனிக் கிராமத்துக்கு விடுமுறைக்குப் போனார்களாம். கூடவே போட்டோ. கம்பளிக் கோட்டுடன், மான் இழுக்கும் சறுக்கு வண்டியில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க ஓரகத்திக்கு வந்த வாழ்வைப் பாருங்க!" என்றாள் பக்கத்து வீட்டு ஜமீலா. எனக்கு வயிறு எரிந்தது. நான் பார்த்த வெளியூர் துறையூர்தான். முதல் பக்கத்தோடு கடிதத்தை மடித்துப் பெட்டியில் போட்டேன். பதிலும் எழுதவில்லை.

மூன்று வாரம் கழித்து மாமியார், "கமலா கடுதாசிய நீ முழுசாப் படிச்சுக் காட்டவே இல்லையேம்மா" என்றார். எடுத்துப் பின்பக்கத்தைப் படித்தேன்.

"போட்டோ எடுத்த மறுநாள் ஐஸ்ல வழுக்கி விழுந்துட்டேன் அக்கா. மூணு மாசம் முழுகாம இருக்கேன். டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லிட்டார். பயமா இருக்கு. உடனே ரெண்டு வரி எழுதுங்க."

அன்றே தந்தி கொடுத்தேன். "குழந்தைக்கு ஒண்ணுமில்லக்கா" என்று பதில் வரும்வரை சோறு இறங்கவில்லை.

அதன் பிறகும் அவள் கடிதங்களைப் பார்த்தால் பொறாமை வராமல் இருந்ததில்லை. ஆனால் கடைசி வரிவரை படித்து, அன்றைக்கே பதில் போட்டுவிடுவேன்.